மூன்று தடவை வேண்டாம்

ஷிராஸ் நகரத்தில் ஷேர் டாக்சி ஓட்டுகிற எத்தனையோ பேரில் கெராமத் ஒருவர்தான் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவார். பின் இருக்கையில் ஆள் ஏறி உட்கார்ந்ததும், "மன்னிக்கணும், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பார். ஏறியவர் முறைப்படி, "பூவுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது" என்று பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கெராமத் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சாலையைப் பார்க்க மாட்டார். ஆகையால் உயிருக்குப் பயந்தாவது எல்லோரும் சொல்லிவிடுவார்கள். டிரைவர் என்றால் முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் முப்பது வருஷமாக அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இறங்கும்போது காசை நீட்டினால், "ஐயோ, உங்ககிட்ட போய் வாங்குவேனா, இது உங்க வண்டி, வெச்சுக்கங்க" என்பார். அதுவும் முறைதான், எல்லா டிரைவரும் சொல்வது. பயணி மூன்று தடவை வற்புறுத்த, மூன்றாம் தடவை டிரைவர் பெரிய மனது பண்ணி வாங்கிக்கொள்வார். மற்ற டிரைவர்கள் இதையெல்லாம் கையை நீட்டியபடியே ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். கெராமத் மட்டும் உருகி உருகிச் சொல்வார். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் அதை நிஜம் என்று நம்பி, நன்றி சொல்லி, காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

"எவ்வளவு வெள்ளை மனசு அந்தப் புள்ளைக்கு!" என்று வீட்டுக்கு வந்து சொன்னார் கெராமத்.

"அவன் மனசு வெள்ளையில்லய்யா, உன் மண்டை காலி. அது அவனுக்குப் பின் சீட்டுலேர்ந்தே தெரிஞ்சிருக்கு" என்றாள் மஹின்.

மஹின் அவர் மனைவி. ஆபாதான்காரி. இராக்கோடு நடந்த போரில் வீடு போய், தெற்கிலிருந்து ஷிராஸுக்கு வந்து சேர்ந்த குடும்பம். ஆபாதானில் ஆற்றங்கரையில் நின்று அவர்கள் பேசினால் அக்கரையில் இராக்குக்கே கேட்கும் என்பார்கள். நெளிவு சுளிவு எதுவும் அந்த வாய்க்குத் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து குனிந்து நீட்ட, கெராமத் முறைப்படி வேண்டாம் என்றார். மறுபடி நீட்ட, ஐயோ வேண்டாம் என்றார். மூன்றாம் தடவையும் அவர் ஏதோ அழகாக ஆரம்பிக்கவும், "கை வலிக்குது. வேணுமா வேண்டாமா, ஒண்ணு சொல்லு" என்றாள். இவர் பயந்துபோய், "வேணும்" என்றார். இரண்டு வீட்டாரும் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இனிப்பைக் கையிலெடுத்துவிட்டார்கள்.

மஹினுக்கு வலிப்பு உண்டு. போர்க்காலத்தில் சுவர் இடிந்து தலையில் பட்டதிலிருந்து வந்தது. வெளிநாட்டு மாத்திரை ஒன்று அதை அடக்கிவைத்திருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டு, வருஷக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லாமல் புருஷனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

பிறகு நாட்டின்மேல் மறுபடியும் பொருளாதாரத் தடை வந்தது. தடை அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மழை மாதிரி வரும், போகும். வரும்போது கூரை எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அது மஹின் தலைக்கு நேராக ஒழுகியது.

மருந்துக்குத் தடையே கிடையாது, தாராளமாக வாங்கிக்கொள்ளலாம் என்று கடல் கடந்த பெரிய மனிதர்கள் டிவியில் சொன்னார்கள். வாங்குவதற்குப் பணம் அனுப்பினால் அதைத் தொடுவதற்குத்தான் எந்த வெளிநாட்டு பாங்குக்கும் தைரியம் இல்லை. மருந்தை ஏற்றிவர எந்தக் கப்பலுக்கும் தைரியம் இல்லை. ஆனால் தடை மட்டும் கிடையாது. மஹின் டிவி முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"என்னய்யா இது, இவங்களும் உன்ன மாதிரியே பேசறாங்க! எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க, எல்லாம் உங்களுதுதாங்கறாங்க. கைய நீட்டினா ஒண்ணுமில்ல. இதுவும் உபசாரந்தானே?"

கெராமத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்திலும் 'ஜான்' என்று செல்லம் சேர்த்துத்தான் பேசினார். "அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காதே மஹின் ஜான். நாம மூணாவது தடவ குடுத்துடுவோம்."

அவர் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். அங்கே இன்னொரு கஷ்டம். வந்தவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது ஷிராஸில் மரியாதையில்லை. "நாளைக்கு வாங்க ஐயா, கடவுள் மனசு வெச்சா வந்துடும், உங்க காலடி எங்க கண்ணு மேல" என்பார்கள். மறுநாள் போனால் அடுத்த நாள். பட்டென்று இல்லை என்றால் வேறு ஊருக்காவது போயிருக்கலாம். இவரும் மரியாதை கருதி அடுத்த கடையில் தேடாமல், சொன்ன கடைக்கே சொன்ன நாளில் போய் நின்றார். இல்லாவிட்டால் அவர்கள் மனது புண்படுமாம்!

"காலடி கண்ணு மேலயா? அதான் கண்ணு தெரியாம மாத்திரையத் தேடிக்கிட்டிருக்காங்க" என்றாள் மஹின்.

உள்ளூர் மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொண்டது, மஹினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சரிந்தாள். அடுப்பு விளிம்பு பட்டு நெற்றியில் தையல். "அடுத்த வலிப்பு நிக்காமப் போயிடலாம்மா, பழைய மாத்திரையே எப்படியாவது பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலமாரி முழுக்கத் துழாவியதில் பழைய மாத்திரை ஒரு அட்டையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். அதன்பின் கெராமத் சாலையில் இருந்தாலும் காது வீட்டில் இருந்தது. பயணிகளிடம் முதுகுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட மறந்துபோனார்.

கடைசியில் ஒரு கடையில் வேலை பார்க்கும் பெண், கவுண்டரைச் சுற்றி வந்து அவர் காதோடு சொன்னாள். "எங்க முதலாளி நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுவாரு. வராது ஐயா. ஃபரஹ்மந்த்னு ஒருத்தர், தபால் ஆபீசுல இருந்து ரிட்டயரானவரு, அவரு வீட்டம்மாவுக்கும் இதே மாத்திரைதான். துபாய்லேர்ந்து சொந்தக்காரங்க அனுப்புவாங்க. அந்தம்மா போன மாசம் நெஞ்சுவலியில போயிட்டாங்க. மிச்சம் வீட்டுலதான் இருக்கும். போய்க் கேளுங்க."

போய்க் கேளுங்களாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

துக்க வீட்டுக்குப் போய் மாத்திரை கேட்பதாவது? கெராமத் கறுப்புச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் துக்கம் விசாரிக்கப் போனார். முன்பின் தெரியாத அந்த அம்மாளின் அருமை பெருமைகளை இவரே எடுத்துச் சொல்ல, ஃபரஹ்மந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளை மீசையும் மூன்றாவது மாடியுமாகத் தனியே இருக்கிற மனிதர். பேச ஆள் கிடைத்ததே பெரிது அவருக்கு. ஹல்வா கொடுத்தார், பேரீச்சம்பழம் கொடுத்தார். கண்ணாடி அலமாரிக்குள்ளே மாத்திரைப் பெட்டிகள் அடுக்காகத் தெரிந்தன. கெராமத்தால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நான் ஏதாவது செய்யணும்னா சொல்லுங்க. உங்களுக்காக உயிரையும் குடுப்பேன்" என்றார் ஃபரஹ்மந்த், விடைகொடுக்கும்போது.

"உங்க நிழல் எங்க தலைமேல இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டார் கெராமத். தெருவுக்கு வந்தபிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த தடவை தந்திரத்தோடு போனார். அந்த ஊரில் விருந்தாளி ஒரு பொருளை வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டால், "உங்களுக்கே, எடுத்துக்கங்க" என்று வீட்டுக்காரர் சொல்லியாகவேண்டும். மாத்திரையைப் புகழ முடியாது. மாத்திரைப் பெட்டி என்ன வண்ணம், என்ன வழவழப்பு என்றா சொல்வது? எனவே சுற்றிவளைத்து அலமாரியைப் புகழ்ந்தார்.

"இந்த அலமாரி இருக்கே, இந்தக் கண்ணாடி, இந்த மரம்..."

"உங்களுக்கே! கீழ் வீட்டுல ரெண்டு தடியனுங்க இருக்கானுங்க, இப்பவே தூக்கிட்டு வரச் சொல்றேன்" என்று ஃபரஹ்மந்த் எழுந்தேவிட்டார். மனைவி போனபின் வீட்டில் எதைப் பார்த்தாலும் அவருக்கு வலித்தது. கேட்பவருக்கு வாரிக் கொடுக்கிற நிலையில் இருந்தார். அலமாரியைக் காலிசெய்துவிட்டுத்தானே தூக்குவார்கள், மாத்திரை இங்கேயே நின்றுவிடுமே என்று கெராமத் பதறிப்போனார். பேச்சை மாற்றுவதற்காக, கண்ணில் பட்ட ஒரு கூண்டைக் காட்டி, "என்ன இருந்தாலும் இந்தப் பறவையோட குரல்..." என்றார்.

"உங்களுக்கே!"

"வேண்டாம் ஐயா."

"என் உயிர்மேல ஆணை."

"ஐயோ, அது இந்த வீட்டுக்குத்தான் அழகு."

"அவ போனதிலேர்ந்து அது பாடினா எனக்குத் தாங்கல. எடுத்துட்டுப் போங்க."

இது உபசாரமில்லை, நிஜம் என்று தெரிந்துபோயிற்று. மறுக்க வழியில்லை. மாத்திரைக்குப் போன மனிதர் கையில் கூண்டோடும், கூண்டில் கேனரிக் குருவியோடும், குருவிக்கான தானியப் பையோடும் வீடு வந்து சேர்ந்தார்.

மஹின் கூண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "தண்ணியோட முழுங்கணுமா, சாப்பாட்டுக்கு அப்புறமா?" என்றாள்.

"அவரு ரொம்ப நல்லவரு மஹின் ஜான்."

"நல்லவருதான். நீயும் நல்லவன்தான். ரெண்டு நல்லவனுங்களுக்கு நடுவுல நான் அடுப்புல போய் விழணும். உக்காருய்யா."

மேஜையில் ஒரு தட்டு வெள்ளரிக்காயை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து இல்லாத மீசையைத் தடவிக்கொண்டாள். "நாந்தான் ஃபரஹ்மந்த். நான் எடுத்துக்கங்கன்னு சொல்லுவேன். நீ எடுத்துக்கணும். முதல் தடவையே. புரிஞ்சுதா? எடுத்துக்கங்க ஐயா."

"இருக்கட்டும், நீங்க முதல்ல..."

கரண்டியால் அவர் விரலில் ஒன்று வைத்தாள். "எடுத்துக்கங்க ஐயா."

"உங்க கை வலிக்காம இருக்கணும், ஆனா இப்பதான் சாப்பிட்டு..."

இன்னொன்று வைத்தாள். வெள்ளரிக்காய் வாடும்வரை இது நடந்தது. கெராமத்தின் கை தட்டுவரை போகும், தட்டின் விளிம்பில் தயங்கி நிற்கும், வாய் தானாக வேண்டாம் என்று சொல்லிவிடும். மஹினுக்கு முதலில் சிரிப்பு, பிறகு கோபம், கடைசியில் இரண்டும் ஓய்ந்துபோயிற்று. எழுந்து போய் அந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து வெள்ளரிக்காய்களுக்கு மேலே வைத்தாள். அட்டையில் குழிகள்தான் நிறைய இருந்தன, மாத்திரை கொஞ்சம்தான்.

"எடுத்துக்கங்க ஐயா" என்றாள்.

அவர் கை படக்கென்று நீண்டு அதைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் மறந்தேபோயிற்று.

"இப்படித்தான். இதே மாதிரி போய் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். கெராமத் அவள் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டார். அடுப்புப் பக்கம் அவளைத் தனியே விட அவருக்கு இப்போதெல்லாம் மனம் வருவதில்லை.

மறுநாள் மத்தியானமே போனார். படியேறும்போது "எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்" என்று மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாடியில் அவருக்கு முன்பே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். மேல்மூச்சு வாங்கிக்கொண்டு கையில் டாக்டர் சீட்டோடு நின்றாள்.

"ஐயா, ஃபரஹ்மந்த் வீடு இதுதானே? மர்வ்தஷ்த்லேர்ந்து வரேன். மருந்துக்கடையில ஒரு பொண்ணு சொல்லிச்சு. என் பேரு சொஹெய்லா."

சீட்டில் எழுதியிருந்த பெயரைக் கெராமத் எட்டிப் பார்த்தார். அதே மாத்திரை. பாவம் பார்க்கிற அந்தக் கடைப் பெண் ஒருவரிடம் மட்டும் பாவம் பார்த்து நிறுத்துவாளா?

கதவு திறந்தது. "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார் ஃபரஹ்மந்த். வாசலில் இரண்டு பேர்.

வாசல் என்றால் ஷிராஸில் லேசான விஷயமில்லை. நீங்க முதல்ல, ஐயோ நீங்க முதல்ல என்று நிற்பார்கள். கெராமத்தும் அவர் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கல்யாண மண்டப வாசலில் இப்படி நின்றதில் உள்ளே சோறு பரிமாறி முடிந்துவிட்டது. சொஹெய்லா அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்தானே, அவளும் ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல ஐயா, நீங்க பெரியவங்க" என்றாள்.

கெராமத் முதலில் நுழைந்தார். ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

"ஐயா, எனக்கு அந்த மாத்திரை வேணும். என் வீட்டுக்காரிக்கு" என்றார், நின்றபடியே, செருப்பைக் கழற்றாமலே.

ஃபரஹ்மந்த் திகைத்துப்போனார். "இதா? இதுக்காகவா அந்தக் குருவியெல்லாம்? அடக் கடவுளே, அடுத்த வாரம் வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கேன், எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அலமாரியைத் திறந்து அத்தனை பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு நீட்டினார். "எடுத்துக்கங்க."

கெராமத் எடுத்துக்கொண்டார். திரும்பினார்.

சொஹெய்லா வாசலுக்கு உள்ளே, ஒரு செருப்பைக் கழற்றியும் மற்றதைக் கழற்றாமலுமாக நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள். காலியான அலமாரியைப் பார்த்தாள். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல ஐயா. உங்களுக்குக் கிடைச்சதே சந்தோஷம். எனக்கு வேற எங்கயாவது கிடைச்சுடும். உங்க வீட்டம்மா நல்லா இருக்கட்டும்."

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊரிலேயே கெராமத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. பிழைப்பே அதில்தான் நடந்தது அவருக்கு. ஆனாலும் தெரியாததுபோல நடந்துகொள்ள அவர் உடம்பு முழுவதும் ஆசைப்பட்டது. முறைப்படி பார்த்தால் அவளாகவே வேண்டாம் என்றுவிட்டாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனால் யார் குற்றம் சொல்லமுடியும்? நன்றி சொன்னார். இறங்கினார். ஒரு மாடி இறங்கியும்விட்டார். அங்கே நின்று, கடல் கடந்து எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தன்னை இந்தப் படியில் இப்படி நிறுத்திவைத்தவர்களை அவருக்குத் தெரிந்த ஒரே கெட்ட வார்த்தையால் திட்டினார். அது மஹினிடம் கற்றுக்கொண்ட ஆபாதான் வார்த்தை. பிறகு மேலே ஏறினார்.

"யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு. ஏழு வயசு."

கெராமத் கம்பளத்தில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தார். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பெட்டிகளைப் பிரித்தார். கடைசியில் ஒன்று ஒற்றையாக நின்றது. அதையும் பிரித்து அட்டைகளைப் பங்கு போட்டார். "எடுத்துக்கம்மா" என்று சொல்வதற்குள் அவள் எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று ஒப்புக்குக்கூட ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாரி, முந்தானையில் முடிவதுபோல முக்காட்டுத் துணியில் முடிந்துகொண்டு அழுதாள்.

ஃபரஹ்மந்த் தேநீர் கொண்டுவந்து, "எடுத்துக்கங்க" என்றார். இருவரும் எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்துச் சொல்வதற்கு வைத்திருந்த இரண்டு வற்புறுத்தலும் வாயிலேயே நிற்க, அவர் தட்டோடு அப்படியே நின்றார். இப்படி ஒரு விருந்தாளிக் கூட்டத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை.

வீட்டில் மஹின் கதவருகிலேயே காத்திருந்தாள்.

"குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"நீ வேண்டாம்னு சொல்லல?"

"சொல்லல."

பையை வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவுதான் இருந்துச்சா?"

கெராமத் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, முதலில் நுழைந்ததையும் ஒரு மாடி இறங்கியதையும்கூடச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆபாதான் வாய் திறக்கும், தெருவே கேட்கும், கேட்டால் தன் நெஞ்சு லேசாகும் என்று காத்திருந்தார்.

மஹின் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். அடுக்கு சின்னதாக இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"போதும் கெராமத் ஜான். எனக்கு இதுவே அதிகம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் உபசார வார்த்தை ஒன்றுகூட வந்ததில்லை.

"திட்டு மஹின்" என்றார். "ஒரே ஒரு தடவ திட்டு."

"எதுக்குத் திட்டணும்? நல்ல காரியந்தானே பண்ணியிருக்கீங்க" என்றாள் அவள். "உக்காருங்க, களைச்சு வந்திருக்கீங்க."